சலாமுக்கும் சேர்த்து ஓர் அகலம்

என் தொழில் என்னவென்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். சர்க்கிட் போர்ட் வடிவமைக்கிறேன் என்று சொன்ன மறுநிமிடமே வீட்டில் பழுதாகிக் கிடக்கும் டிவியைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பாலமும் அதில் நகராமல் நிற்கும் பஸ்களும் தெரியும். கதவில் ‘இங்கே டிவி திருத்தப்பட மாட்டாது’ என்று எழுதி ஒட்டினேன். அதை நிதானமாக வாசித்து முடித்துவிட்டு, "அப்ப ரேடியோ?" என்று கேட்டவர்களும் உண்டு.

நான் செய்யும் வேலை இதுதான்: பச்சைப் பலகையில் செம்பு எந்த வழியாக, எவ்வளவு அகலத்தில் ஓட வேண்டும் என்று கணினியில் வரைவேன். வரைந்ததை வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்கு அனுப்பினால் சில கிழமைகளில் பலகை கைக்கு வரும். அதில் இருக்கும் செம்பு, தலைமயிரின் தடிப்புக்கூட இல்லாத ஒரு தகடு. அளவுக்கு மீறி மின்சாரம் போனால் அது சூடாகும், பலகையைக் கருக்கும், கடைசியில் உரிந்து அறுந்தே போகும். மின்சாரம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பதால் இதில் கண்ணை மூடிக்கொண்டு ஊகிக்க முடியாது. எத்தனை அம்பியர் போகப்போகிறது, எத்தனை பாகை சூடு பொறுக்கலாம் என்று இரண்டையும் தீர்மானித்தால், அகலத்தைச் சூத்திரம் சொல்லிவிடும். அம்பியரை மட்டும் எந்தச் சூத்திரமும் சொல்லாது. அதை நாமே போய்த் தேடிக்கொண்டு வர வேண்டும்.

ஒரு நாள் திகனயிலிருந்து ஒருவர் படியேறி வந்தார். அறுபதை நெருங்கும் வயது, தொப்பி, மடித்துவிட்ட சட்டைக் கை. மரக்கறி வியாபாரி. தங்கச்சி கீழே லொறியில் இருக்கிறார் என்றும், அவரால் படியேற முடியாது என்றும் சொன்னார். இறங்கிப் போனேன். முன் இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பின்பக்கத்தில், முட்டைக்கோவா மூட்டைகளுக்கு நடுவில், கயிற்றால் கட்டிய ஒரு மின் சக்கரக் கதிரை இருந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு விபத்தில், நான் அக்கா என்று கூப்பிட்ட அந்தப் பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே பலம் போய்விட்டது. அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார். திகன பெரிய தெருவில் அவருக்குச் சொந்தமாக ஒரு கடை. நூல், பொத்தான், சரிகை, தையலுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள். வீடோ, கடைக்குப் பக்கத்தில் பிரிந்து மேலேறும் ஓர் ஒழுங்கையின் உச்சியில். காலையில் அண்ணன் சந்தைக்குப் போகும்போது கடையில் இறக்கிவிட்டுப் போவார். மாலையில் லொறி எப்போது வருகிறதோ அப்போதுதான் வீடு. அதுவரை இழுத்து மூடிய கடைக்குள் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

கதிரையை வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் அனுப்பியிருந்தார். மோட்டர் இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. அவற்றை ஓட்டும் போர்ட் மட்டும் எரிந்து போயிருந்தது. அதே போர்ட்டைத் தேடி அலைந்து அலுத்துப்போய் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

"புதுசா ஒண்டு செய்ய ஏலுமா மிஸ்?" என்று அக்கா கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் குறுக்கிட்டார். "செய்யலாம், வேணாம்டு நான் செல்லல்ல. ஆனா ஒரு தரம், ஒரே ஒரு தரம் அது நடு ஏத்தத்துல நின்டுதெண்டா அதோட சரி. கதிரைய ஸ்டோர்ல போட்டுடுவேன். பொறகு நான் கூட்டிட்டுப் போறதுதான்."

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு நிபந்தனை போட இவர் யார்? கேட்டே இருப்பேன். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் தங்கையைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். விபத்தன்று தங்கையைத் தெருவிலிருந்து தூக்கியது அவர்தான் என்று அக்கா பிறகு சொன்னார். அதைக் கேட்ட பிறகு அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்றால் மதகில் சைக்கிள் ஏறுவதுதான். கண்டிக்கு வாழ வந்த பிறகுதான், பால் பக்கெட் வாங்கப் போவதற்கும் மூச்சு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அதனால் மோட்டரின் மேல் ஒட்டியிருந்த அம்பியர் இலக்கத்தை நான் நம்பவில்லை. அது யாரோ ஒரு சமதரை நாட்டுக்காரனின் இலக்கம். நேரே திகனவுக்குப் போய், அந்த ஒழுங்கையிலேயே அளக்க முடிவு செய்தேன்.

அண்ணனிடம் மரக்கறி நிறுக்கும் கொக்கித் தராசு இருந்தது. அக்காவைக் கதிரையில் உட்கார வைத்து, முன்னால் கயிறு கட்டி, கொக்கியை அதில் மாட்டி ஏற்றத்தில் இழுக்கச் சொன்னேன். எத்தனை கிலோ இழுக்கிறது என்று தெரிந்தால் மோட்டருக்கு எத்தனை அம்பியர் தேவை என்று கணக்குப் போட்டுவிடலாம்.

"கோவா நிறுக்குற தராசுல என்ன நிறுக்குறீங்களா?" என்று அக்கா அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். "சரியா பாருங்க நானா, பழுதான எலையெல்லாம் கழிச்சிட்டு நிறுங்க."

அண்ணனும் சிரித்துவிட்டார். ஒழுங்கையின் மிகச் செங்குத்தான இடத்தில் இருபது கிலோவைத் தாண்டியது. மோட்டரின் திறனையும் சேர்த்துப் பார்த்ததில் பதினெட்டு அம்பியர் என்று வந்தது. நான் இருபத்தைந்து என்று எடுத்துக்கொண்டேன். போர்ட் இருக்கையின் கீழே மூடிய பெட்டிக்குள் இருக்கும்; மலையின் குளிர்காற்று அங்கே நுழையாது. ஆகவே இருபது பாகைக்கு மேல் சூடேறக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். சூத்திரம் சொன்னது பெருவிரல் அகலம். அப்படியே வரைந்தேன். ஒரேயோர் இடத்தில், பெட்டியோடு போர்ட்டைப் பொருத்தும் திருகாணிக்கு வழிவிடச் செம்புத் தடம் சற்றுக் குறுக வேண்டியிருந்தது. நீளம் குறைவு, பாதகமில்லை என்று விட்டேன்.

போர்ட் வந்தது. பாகங்களைப் பற்றவைத்து, மேசையில் வைத்து அரை நாள் ஓட்டினேன். கை வைத்தால் இளஞ்சூடு, அவ்வளவுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பின்னேர அசர் தொழுகை முடிந்த நேரத்தில் சோதனை ஓட்டம். அண்ணன் மேலே வீட்டு வாசல் படலையடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா கடை வாசலிலிருந்து கிளம்பினார். நான் பக்கத்தில் நடந்தேன். கதிரை ஏற்றத்தில் திரும்பி, எந்த முனகலும் இல்லாமல் ஏறியது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. 

முதல் வீட்டுப் படலையில் ஒரு பெண் நின்றார். "அஸ்ஸலாமு அலைக்கும்."

அக்கா, கதிரையை ஓட்டும் பிடியை விட்டார். கதிரை நின்றது. பிடியை விட்டால் தானாகவே பிரேக் பிடித்துக்கொள்ளும், பின்னால் உருளாது. "வஅலைக்கும் ஸலாம்" என்று பதில் சொல்லி, உம்மாவின் முழங்கால் வலி, மகளின் பரீட்சை எல்லாம் விசாரித்து முடித்துவிட்டுப் பிடியைத் தள்ளினார். மோட்டர் ஒரு முறை உறுமிவிட்டு ஏறியது. அடுத்த படலையில் பள்ளிவாசலிலிருந்து திரும்பிய இரண்டு பேர். நின்றது. உறுமியது. ஏறியது. அதற்கடுத்த வீட்டில் ஒரு சிங்களப் பாட்டியம்மா "கொஹொமத துவே" என்று சுகம் கேட்டபடி கையைப் பிடித்துக்கொண்டார். அங்கேயும் நின்றது. அந்த அக்கா இந்த ஒழுங்கையில் லொறிக் கண்ணாடிக்கு வெளியே, தன்பாட்டில் போவதை யாரும் வருடக்கணக்காகப் பார்த்ததில்லை. சோறு வடித்துக்கொண்டிருந்தவர்களும் அகப்பையோடு வெளியே வந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் அந்த மணம் வந்தது. சூடேறிய போர்ட்டின் மணம் ஒருமுறை மூக்கில் பட்டால் மறக்காது. குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோலப் பெட்டியைத் தொட்டேன். கையை வைத்திருக்க முடியவில்லை. ஏற்றத்தில் நின்று, நின்ற இடத்திலிருந்து அவ்வளவு பாரத்தையும் கிளப்பும் ஒவ்வொரு தடவையும் மோட்டர் இழுப்பது பதினெட்டு அல்ல, இருபத்தைந்தும் அல்ல. நாற்பதைத் தாண்டும். ஒரு தடவை என்றால் செம்பு பொறுத்துக்கொள்ளும். படலைக்குப் படலை என்றால், ஆற நேரமில்லாமல் சூடு ஏறிக்கொண்டே போகும்.

மேலே அண்ணன் இன்னும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார். இன்னும் இரண்டு படலை போனால் தடம் அறும், கதிரை நிற்கும், கதிரை ஸ்டோருக்குப் போகும்.

"அக்கா, எனக்குத் தண்ணி விடாய்க்குது" என்றேன். "இந்த வீட்டில கொஞ்சம் இருந்திட்டுப் போவமே."

அந்த வீட்டுக்காரருக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. பால் கலக்காத பிளேன்டியும் பிஸ்கட்டும் வந்தன. வீட்டுக்காரர் உள்ளே போன நேரம் பார்த்து, விறாந்தையில் வைத்து அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"போர்ட் சூடாகிப் போச்சு. நீங்கள் நிண்டு நிண்டு போறதுதான் காரணம். இனி ஒருத்தரோடயும் கதைக்காமல் நேர போங்கோ. தலையை மட்டும் ஆட்டுங்கோ, விளங்குதோ?"

"சலாம் சென்னா பதில் செல்லாம போக ஏலுமா மிஸ்?"

"போற போக்கில சொல்லுங்கோவன்!"

அவர் பிளேன்டியை ஒரு மிடறு குடித்தார். "நானாட லொறியில அப்படித்தான் போறேன், இத்தன வருஷமா. கண்ணாடிக்கு உள்ளால கைய மட்டும் காட்டிட்டு. இதுலயும் அப்படித்தான் போகணும்டா எனக்கு லொறியே போதும்."

 நான் அவருக்கு ஏற்றம் ஏறத்தான் ஒரு கருவி வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது, ஏற்றத்தில் விரும்பிய இடத்தில் நிற்க.

போர்ட் ஆறியதும் கிளம்பினோம். மிச்சமிருந்த வீடுகளுக்கு நான் ஒரு வழி செய்தேன். கதிரைக்கு முன்னால் வேகமாக நடந்து, படலையில் நின்ற எல்லோருக்கும் நானே உரக்கச் சலாம் சொல்லி, நானே நலம் விசாரித்தேன். நெற்றியில் பொட்டோடு ஒருத்தி ஊர்வலத்துக்கு முன்னால் கட்டியம் கூறுபவள்போல வருவதைப் பார்த்துத் திகைத்தவர்கள் சுதாரிப்பதற்குள் கதிரை தாண்டிவிட்டது. பின்னால் அக்கா அடக்கமுடியாமல் சிரிப்பது கேட்டது.

படலையடியில் அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "என்னமோ கருகின மணம் வருதே?"

"பக்கத்து ஊட்டுல கருவாடு பொரிக்கிறாங்க" என்றார் அக்கா, கண்ணை இமைக்காமல்.

அண்ணன் படலையைத் திறந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லிப் பெட்டியைக் கழற்றி நான் கையோடு கொண்டுவந்துவிட்டேன். அறையில் வைத்துத் திறந்தபோது, திருகாணிக்காகத் தடம் குறுகிய அந்த இடத்தில் பலகை பிளேன்டி நிறத்துக்கு மாறியிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் முடிந்திருக்கும். அகலமான தடம் எத்தனை அகலமாக இருந்தென்ன, சூடு தேடிப்போய் உட்காருவது ஒடுங்கிய இடத்தில்தான்.

அண்ணனிடம் மறைப்பதா சொல்வதா என்று நெடுநேரம் யோசித்தேன். சொன்னால் கதிரை ஸ்டோருக்குப் போய்விடலாம். சொல்லாவிட்டால், தங்கையின் இருக்கைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் போகும். எனக்கு அது சரியாகப் படவில்லை. கைப்பேசியில் கூப்பிட்டேன்.

"நானா, உங்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேணும். அண்டைக்குப் போர்ட் நல்லாச் சூடாகினது. பழுது கதிரையில இல்லை, என்ர தடத்தில. நான் வேற போர்ட் செய்யிறன். அதுவரைக்கும் பொறுங்கோ."

 அவருக்குப் பின்னால் சந்தை இரைச்சல் கேட்டது.

"எனக்குத் தெரியும் மிஸ்" என்றார். "பக்கத்து ஊட்டுல ஈக்கிறதும் ஒரு சிங்கள அம்மாதான். அவங்க மீன் வாசமே ஆகாத ஆள். அங்க எங்க கருவாடு?"

பிறகு அவரே கேட்டார்.

"அது நின்டுச்சா மிஸ்?"

"இல்லை நானா. நிக்கேல்ல."

"அப்ப செஞ்சி கொண்டாங்க."

அந்த மனிதரைப் பற்றி முதல் நாள் நான் நினைத்ததை எல்லாம் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இரண்டாவது போர்ட்டை வரைய உட்கார்ந்தபோது, முதலில் அந்த ஒழுங்கையை வரைந்தேன். எந்தெந்த இடத்தில் படலை, எந்தப் படலை செங்குத்தில் இருக்கிறது, எங்கே பேச்சு சீக்கிரம் முடியும், எங்கே முடியாது என்று அக்காவே கைப்பேசியில் சொல்லச் சொல்லக் குறித்தேன். "இந்த ஊட்டுல கெழவி மவுத்தாகிட்டாங்க, ஆனா மருமக அத விடக் கதைப்பா" என்பதெல்லாம் என் வடிவமைப்புக்கு ஆதாரமாயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என் அம்மா சொன்னபோதெல்லாம் அவருடன் சண்டை பிடித்திருக்கிறேன். சூத்திரம் என்னவோ சரியான சூத்திரம்தான். நான் அதற்குக் கொடுத்த ஒழுங்கையில்தான் மனிதர்கள் இல்லாமல் இருந்தார்கள்.

ஒழுங்கை முழுவதும் நாற்பது அம்பியர் போனால் எப்படியோ, அப்படியே கணக்கிட்டேன். சிலர் கேட்கலாம், கிளம்பும்போது மின்சாரத்தைக் கட்டுப்படுத்திவிட்டால் போதாதா என்று. கட்டுப்படுத்தினால் தடம் பிழைக்கும், கதிரை செங்குத்தில் அசையாது. ஆகவே செம்பைத்தான் கூட்ட வேண்டும். தகட்டின் தடிப்பை இரு மடங்காக்கினேன். பலகையின் மேல்பக்கம் ஓடிய பெருவிரல் அகலத் தடத்தைக் கீழ்ப்பக்கத்திலும் ஓடவிட்டு, இரண்டையும் நெருக்கமான துளைகளால் தைத்தேன். மேலே பூசும் பச்சைப் பூச்சை அந்தத் தடத்தின் நெடுகிலும் விலக்கி, வெறும் செம்பின் மேல் ஈயத்தை உருக்கி மேடாக ஏற்ற இடம் வைத்தேன். திருகாணியைத் தூக்கிப் பலகையின் மூலைக்கு அனுப்பினேன். தடம் எங்கேயும் ஒடுங்கவில்லை. பார்க்க அழகாக இல்லை. வெளிநாட்டுத் தொழிற்சாலைக்காரர்கள், இவ்வளவு செம்பு உண்மையிலேயே வேண்டுமா என்று ஒரு கேள்வியும் அனுப்பினார்கள். ஓம் என்று எழுதினேன். காரணத்தை எழுதினால் அவர்களுக்கு விளங்கியிருக்காது.

இம்முறை மேசையில் சோதித்தபோது அண்ணனையும் வரச் சொன்னேன். மோட்டரின் சில்லை மரக்கட்டையால் இறுக்கிப் பாரம் கொடுத்து, ஒழுங்கையின் படலைகளை எண்ணியபடி நிறுத்தி நிறுத்திக் கிளப்பினேன். முழு ஏற்றமும் முடிந்ததும் போர்ட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் சுடுகிற பானையைத் தொடுவதுபோல விரலை நீட்டி, பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்தார். எடுக்கவில்லை. வைத்தபடியே, "இன்னொருக்கா ஏத்துங்க" என்றார். ஏற்றினேன். அப்போதும் எடுக்கவில்லை.

கதிரையில் போர்ட்டைப் பூட்டிக் கொடுத்தேன். ஓட்டம் எப்போது என்று அக்காவிடம் கேட்டேன். நாளைக்குக் கடை மூடியதும் என்றார்.

"சரி, நான் பின்னேரம் வாறன். பக்கத்தில நடந்து வந்து பாக்கிறன்."

"வேணாம் மிஸ்" என்றார் மென்மையாக. "நீங்களும் வந்தா பொறகு நான் தனியா போனதாகாதே. நானாவுக்கும் சென்னேன், சந்தையிலேயே நில்லுங்கண்டு."

எனக்குச் சுருக்கென்றது. பாடுபட்டுச் செய்தவளுக்குப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையா? அன்று இரவு கொஞ்சம் கோபித்துக்கொண்டே படுத்தேன். அவர் சொன்னது நியாயம் என்பதால்தான் கோபம்.

மறுநாள் மாலை நான் எந்த வேலையும் செய்யவில்லை. பாலத்தில் பஸ்கள் நிற்பதையும் நகர்வதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடை மூடும் நேரம் வந்தது. கதிரை தடையில்லாமல் ஏறினால் வீடு சேரும் நேரமும் போயிற்று. கைப்பேசி ஒலிக்கவில்லை. ஈயம் விட்டுப் போயிருக்குமோ, துளை ஒன்றில் செம்பு பிடிக்காமல் இருந்ததோ என்று என் மனம் போர்ட்டின் மூலை முடுக்கெல்லாம் ஓடியது. அண்ணன் ஒரு தரம் கூப்பிட்டு, "உங்களுக்குக் கோல் வந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எனக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டிக்காமலேயே இருந்தார். நானும் துண்டிக்கவில்லை. 

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவரைக் கைப்பேசியை வைக்கச் சொல்லிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். எடுத்தார். பின்னால் யார் யாரோ பேசுவதும் சிரிப்பதும் கேட்டது.

"அக்கா, வீட்டுக்குப் போயிட்டீங்களோ?"

"இன்னும் இல்ல மிஸ். நடு ஏத்தத்துல ஈக்கிறேன்."

 "நிண்டிட்டுதோ?"

"அது நிக்கல்ல மிஸ்" என்றார். "நான்தான் நிப்பாட்டி ஈக்கிறேன்."